ஜிபியுவில் முப்பரிமாண சிடி மீளுருவாக்கம் பிழைக்கும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

இக்குறிப்பு, கூம்பு வடிவ எக்ஸ்-கதிர்க் கற்றையைக் கொண்டு இயங்கும் மைக்ரோ சிடி கருவி பல கோணங்களில் எடுக்கும் புரொஜெக்‌ஷன் படங்களை, என்விடியா ஜிபியு (வரைகலைச் செயலி) அட்டை பொருத்திய கணினியில் முப்பரிமாண வால்யூமாக மாற்றுகிறவர்களுக்கு உரியது. ஃபெல்ட்கேம்ப், டேவிஸ், கிரெஸ் ஆகியோர் 1984-இல் வெளியிட்ட எஃப்டிகே முறையையே (படங்களை வடிகட்டி, பின்பு வால்யூமுக்குள் திரும்பப் பரப்பிக் கூட்டுவது; இந்தக் கூட்டலே பேக்புரொஜெக்‌ஷன்) நாங்கள் அன்றாடம் பயன்படுத்துகிறோம். ஆஸ்ட்ரா, டைகர், ஆர்டிகே போன்ற திறந்த மென்பொருள்களை இயக்குபவர்களுக்கும், சொந்தமாகக் குடா (என்விடியா ஜிபியுக்களுக்கான நிரலாக்கத் தளம்) நிரல் எழுதுபவர்களுக்கும் கீழே உள்ளவை பொருந்தும்.

கணக்குகளுக்கு ஒரே அமைப்பை எடுத்துக்கொள்கிறேன்: எக்ஸ்-கதிர் மூலத்திலிருந்து சுழல் அச்சு வரை 200 மி.மீ., டிடெக்டர் வரை 1000 மி.மீ., டிடெக்டர் பிக்ஸல் 0.2 மி.மீ., 2000 × 2000 பிக்ஸல் கொண்ட 1800 புரொஜெக்‌ஷன்கள், 20 மி.மீ. ஆரமுள்ள பொருள். உருப்பெருக்கம் 5 மடங்கு என்பதால் வாக்ஸல் (வால்யூமின் மிகச் சிறிய கனசதுரம்) 0.04 மி.மீ.; வால்யூம் ஒவ்வொரு பக்கமும் 1024 வாக்ஸல்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில்: இயந்திரமா, தரவா?

அட்டை பழுது என்று எங்களிடம் வந்த புகார்களில் பெரும்பாலானவை அட்டையில் இருந்ததில்லை. ஆகவே கணினியைத் திறப்பதற்கு முன், ஒரே தரவை ஒரே அமைப்பில் இரண்டு முறை ஓட்டி, இரு வெளியீடுகளையும் பைட் அளவில் ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு வாக்ஸலும் தனக்குரிய மதிப்பைத் தானே திரட்டிக்கொள்ளும் பேக்புரொஜெக்‌ஷன் முறையில், அதே அட்டையும் அதே டிரைவரும் இருக்கும்வரை விடை ஒரு பிட் கூட மாறக் கூடாது. இரண்டும் ஒன்றாகவே இருந்து விடை மட்டும் தவறாக இருந்தால், தரவையோ அமைப்புக் கோப்பையோ நிரலையோ பார்க்க வேண்டும். அட்டையைத் தொட வேண்டியதில்லை. இரண்டும் வேறுபட்டால் நேராக 7-ஆம் அறிகுறிக்குச் செல்லவும்.

அடுத்ததாக, அதே தரவைப் பக்கத்துக்கு 256 வாக்ஸல் என்று சுருக்கிச் சிபியுவிலும் ஜிபியுவிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். சிபியுவிலும் அதே கோளாறு தெரிந்தால் ஜிபியு குற்றமற்றது. இதற்கென ஷெப்-லோகன் மாதிரி உருவிலிருந்து கணித்த புரொஜெக்‌ஷன் தொகுப்பு ஒன்றையும், நல்ல நிலையில் இருந்தபோது அது தந்த விடையையும் சேமித்து வைத்திருப்பது நல்லது. டிரைவரை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதை ஓட்டிப் பார்த்துவிட்டால், பின்னால் வரும் குழப்பங்களில் பாதி எழாது.

## அறிகுறி 1: மென்பொருள் அட்டையைக் காணவில்லை என்கிறது

### நேற்று வேலை செய்தது, இன்று இல்லை

அட்டையின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையை ஓட்டவும். டிரைவரின் பதிப்பும் நூலகத்தின் பதிப்பும் பொருந்தவில்லை என்று அது சொன்னால், லினக்ஸ் தானாகவே டிரைவரைப் புதுப்பித்திருக்கிறது, ஆனால் நினைவில் பழைய டிரைவர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கணினியை மறுதொடக்கம் செய்தால் போதும். மறுதொடக்கத்துக்குப் பிறகும் அட்டை தெரியவில்லையெனில், லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் புதுப்பிக்கப்பட்டபோது டிரைவர் மாட்யூல் அதற்கேற்பக் கட்டப்படாமல் போயிருக்கலாம், அல்லது செக்யூர் பூட் அதை ஏற்ற மறுத்திருக்கலாம். ஸ்கேன் கணினிகளில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வைத்துவிட்டு, வேலை இல்லாத நாளில் கையால் புதுப்பிப்பதே சரியான பழக்கம்.

### என்விடியா-எஸ்எம்ஐ அட்டையைக் காட்டுகிறது, மென்பொருள் மறுக்கிறது

புதிய அட்டை வாங்கியவுடன் வரும் பிழை இது. இந்த அட்டைக்குரிய கெர்னல் நிரல் (ஜிபியுவில் ஓடும் சிறு நிரலுக்கும் கெர்னல் என்றே பெயர்) இல்லை என்று செய்தி வந்தால், மென்பொருள் கட்டப்பட்டபோது இருந்த குடா பதிப்புக்கு உங்கள் அட்டையின் தலைமுறை தெரியாது. ஆர்டிஎக்ஸ் 30 வரிசைக்குக் குடா 11.1-உம், ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக்குக் குடா 11.8-உம் குறைந்தபட்சம் தேவை. எதிர்த்திசையிலும் இது நிகழும்: குடா 12 கெப்ளர் தலைமுறை அட்டைகளைக் கைவிட்டுவிட்டது. மென்பொருளைச் சரியான பதிப்பில் மீண்டும் கட்டுவதோ, உரிய பதிப்பைத் தரவிறக்குவதோ செலவில்லாத தீர்வு.

இரண்டு அட்டைகள் உள்ள கணினியில் மற்றொரு பொறி உண்டு. என்விடியா-எஸ்எம்ஐ அட்டைகளைப் பிசிஐ வரிசைப்படி எண்ணுகிறது. குடாவோ இயல்பாக வேகமான அட்டைக்கே 0 என்ற எண்ணைத் தருகிறது. நீங்கள் தேர்ந்தெடுத்தது திரையை இயக்கும் சிறிய அட்டையாக இருக்கலாம். குடா டிவைஸ் ஆர்டர் என்ற சூழல் மாறியைப் பிசிஐ வரிசைக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும். மென்பொருள் கன்டெய்னருக்குள் ஓடுகிறதென்றால், ஜிபியுவை உள்ளே அனுமதிக்கும் விருப்பத்தைத் தொடக்கக் கட்டளையில் கொடுத்தோமா என்றும் பார்க்கவும்.

### பிசிஐ சாதனப் பட்டியலிலேயே அட்டை இல்லை

மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு அட்டையைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்தவும். மின் கேபிளையும் அவ்வாறே செய்யவும். வேறு ஸ்லாட்டில் போட்டுப் பார்க்கவும், பின்பு வேறு கணினியில் போட்டுப் பார்க்கவும். வேறு கணினியிலும் தெரியாத அட்டையை விற்பனையாளரிடம் அனுப்புவதைத் தவிர நாம் செய்யக்கூடியது எதுவுமில்லை.

## அறிகுறி 2: நினைவகம் போதவில்லை என்று நிற்கிறது

முதலில் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்துக்கு 1024 வாக்ஸல் கொண்ட வால்யூம் 32 பிட் மிதவை எண்களில் 4 ஜிபி. பக்கத்தை 2048 ஆக்கினால் 32 ஜிபி. நம்முடைய 1800 புரொஜெக்‌ஷன்களும் வடிகட்டிய பின் 28.8 ஜிபி. ஆகவே 24 ஜிபி அட்டையில் வால்யூம் இடம் கொள்ளும், புரொஜெக்‌ஷன்கள் மொத்தமாகக் கொள்ளா. எஃப்டிகே முறையில் இது சிக்கலே இல்லை. புரொஜெக்‌ஷன்களைச் சிறு தொகுதிகளாக அனுப்பிக் கூட்டிக்கொண்டே போகலாம். விடையைத் திரும்பத் திரும்பத் திருத்தும் சர்ட், சிஜிஎல்எஸ் போன்ற மறுசெய்கை முறைகள் வால்யூமின் பல நகல்களையும் புரொஜெக்‌ஷன்களின் பல நகல்களையும் ஒருங்கே கேட்பதால், எஃப்டிகே ஓடிய அதே அளவில் அவை ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

கணக்கு பொருந்தியும் பிழை வந்தால், வேறு யார் நினைவகத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்கவும். பெரும்பாலும் மூடாமல் விட்ட ஜுபிட்டர் நோட்புக் ஒன்று பல ஜிபி-யைத் தன்னிடம் வைத்திருக்கும். அடுத்து, பைத்தானின் எண்கணித நூலகமான நம்பை இயல்பாக 64 பிட் எண்களைத் தருவதால், எங்கோ ஓரிடத்தில் வகை மாற்றப்படாமல் எல்லாமே இரட்டிப்பாகியிருக்கலாம். வேகமான ஃபூரியே மாற்றத்துக்கான குஎஃப்எஃப்டி நூலகமும் தனக்கென்று பணியிடம் ஒதுக்கிக்கொள்ளும். வடிகட்டலை ஒரே வீச்சில் 1800 படங்களுக்கும் செய்யாமல் 32 அல்லது 64 படங்களாகப் பிரித்தால் அது சுருங்கும்.

நினைவகம் தாராளமாக இருக்கும்போதே ஒதுக்கீடு தோற்பதும் உண்டு. புரொஜெக்‌ஷன்களை அடுக்கு வகை டெக்ஸ்சரில் (இடைமதிப்பை வன்பொருளே கணித்துத் தரும் பட நினைவகம்) வைக்கும் நிரல்களில், ஒரு டெக்ஸ்சரில் 2048 அடுக்குகளுக்கு மேல் வைக்க முடியாது என்பது குடாவின் வரம்பு. 1800 புரொஜெக்‌ஷனுக்கு ஓடிய நிரல் 2400 புரொஜெக்‌ஷனுக்குத் தோற்கும்; அப்போது வரும் செய்தி நினைவகத்தைப் பற்றிப் பேசாது, தவறான அளவுரு என்றுதான் சொல்லும். தொகுதியாகப் பிரித்தனுப்பினால் தீரும்.

வால்யூமை அடுக்கடுக்காகப் பிரிப்பதும், பொருளைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை வெட்டிவிடுவதும் பலிக்காதபோதுதான் பெரிய அட்டைக்கான விலைப்பட்டியலைக் கேட்க வேண்டும். எஃப்டிகே மட்டுமே ஓட்டும் ஆய்வகத்துக்கு அந்தத் தேவை வருவது அரிது.

## அறிகுறி 3: ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நின்றுவிடுகிறது

### விண்டோஸில், திரை ஒரு கணம் இருண்டு மீள்கிறது

ஜிபியு இரண்டு நொடிகளுக்கு மேல் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரை மீட்டமைத்துவிடும். நிகழ்வுப் பதிவேட்டில் 4101 என்ற எண்ணுள்ள பதிவு இதற்குச் சாட்சி. ஒரே கெர்னல் அழைப்பில் எல்லாப் புரொஜெக்‌ஷன்களையும் பேக்புரொஜெக்ட் செய்யாமல் பகுதி பகுதியாக அழைப்பதே முறையான தீர்வு. நிரலை மாற்ற முடியாதவர்கள் ரெஜிஸ்ட்ரியில் டிடிஆர் டிலே மதிப்பை உயர்த்தலாம். தொழில்முறை அட்டையாக இருந்தால், திரையை வேறு அட்டைக்கு மாற்றிவிட்டு இதைத் திரையை இயக்காமல் கணக்கீடு மட்டும் செய்யும் டிசிசி நிலைக்குக் கொண்டுபோகலாம். அங்கே இந்தக் காலவரம்பு இல்லை.

### லினக்ஸில், செயல்முறை செத்துவிடுகிறது

லினக்ஸ் கெர்னல் பதிவில், என்விடியா டிரைவர் தன் பிழைகளுக்கு இடும் எக்ஸ்ஐடி என்ற சொல்லைத் தேடவும். அதையடுத்து வரும் எண் வழியைக் காட்டும். 13-உம் 31-உம் பெரும்பாலும் நிரல் தன் எல்லைக்கு வெளியே நினைவகத்தைத் தொட்டதால் வருபவை. கம்ப்யூட் சானிடைசர் கருவியின் கீழ்ச் சிறிய தரவை ஓட்டினால் எந்த வரி என்று தெரியும். அளவு 1024-லிருந்து ஏறியவுடன் இவை தொடங்கினால், குறியெண்ணைக் கணக்கிடும் இடத்தில் 32 பிட் முழு எண் நிரம்பி வழிகிறதா என்று பார்க்கவும்: பக்கத்துக்கு 1290 வாக்ஸல் வரை அது தாங்கும், 1291-இல் உடையும்.

79 என்பது அட்டை பஸ்ஸிலிருந்து அறுந்துபோனதாகக் கணினி கருதுவது. இதற்கு வெப்பம், மின்சாரம், இணைப்பு ஆகிய மூன்றையும் அந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும். குளிர்சாதனத்தை இரவில் அணைத்துவிடும் ஆய்வகத்தில் ஏப்ரல், மே மாதங்களில் இரவு ஓட்டங்கள் மட்டும் அறுந்துபோவது வெப்பத்துக்கான அடையாளம். விசிறியிலும் வெப்பத் தகட்டிலும் உள்ள தூசியை ஊதி எடுக்கவும். பகலிலும் நிகழ்ந்தால், ஒரே கேபிளிலிருந்து கிளைபிரியும் இரண்டு எட்டு-முனை இணைப்பிகளை ஓர் அட்டைக்குக் கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்து, மின்வழங்கியிலிருந்து தனித்தனிக் கேபிள் கொடுக்கவும். பேக்புரொஜெக்‌ஷன் தொடங்கும் கணத்தில் அட்டையின் மின்தேவை திடீரென ஏறுவதால், சும்மா இருக்கும்போதும் வடிகட்டலின்போதும் ஒழுங்காக இருக்கும் மின்வழங்கி அந்தக் கணத்தில்தான் தன் பலவீனத்தைக் காட்டும். நீட்டிப்பு ரைசர் கேபிள் இருந்தால் அதை எடுத்துவிட்டு நேரடியாகப் பொருத்திப் பார்க்கவும்.

48, 63, 64, 94, 95 ஆகியவை நினைவகப் பிழைகளைச் சார்ந்தவை. 63 என்பது பழுதான இடத்தை ஒதுக்கி வைத்ததற்கான பதிவு. ஒருமுறை வந்தால் மறுதொடக்கம் செய்துவிட்டுக் கண்காணிக்கலாம். 64 என்பது அப்படி ஒதுக்குவதும் தோற்றது என்பதைக் குறிக்கிறது. அது வந்தபிறகு அந்த அட்டையில் அளவீட்டுக்குரிய எந்த ஸ்கேனையும் ஓட்டக் கூடாது. உத்தரவாதக் காலத்தைப் பார்த்துத் தயாரிப்பாளருக்கு எழுத வேண்டிய கட்டம் இது.

## அறிகுறி 4: சில குறுக்குவெட்டுகள் முழுக் கறுப்பாக அல்லது வெறுமையாக இருக்கின்றன

அட்டையின் மீது பொய்யாகப் பழி விழுவது இந்த அறிகுறியில்தான் அதிகம். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வெறுமையான இடத்தில் உள்ள மதிப்பைப் படித்துப் பார்க்கவும். பூச்சியமாக இருந்தால் எழுதும் கட்டத்திலோ பிரிக்கும் கட்டத்திலோ தவறு. என்ஏஎன் எனப்படும் எண்ணல்லாத மதிப்பாக இருந்தால், காரணம் ஏறக்குறைய எப்போதும் புரொஜெக்‌ஷனில் உள்ள ஓரிரு பிக்ஸல்களே. பொருள் வைக்காமல் எடுத்த வெற்றுப் படத்திலிருந்து கதிர் இல்லாமல் எடுத்த இருட்படத்தைக் கழித்தபின் செத்த பிக்ஸலில் பூச்சியம் நிற்கிறது. அதனால் வகுத்து மடக்கை எடுக்கும்போது முடிவிலி பிறக்கிறது. ராம்ப் வடிகட்டி ஃபூரியே மாற்றத்தின் வழியாக வரிசை வரிசையாக இயங்குவதால், அந்த ஒரு பிக்ஸல் தன் வரிசையிலுள்ள 2000 பிக்ஸல்களையும் என்ஏஎன் ஆக்கிவிடுகிறது. பேக்புரொஜெக்‌ஷன் அதை வால்யூமில் பரப்புகிறது.

எந்தப் படத்திலிருந்து வந்தது என்பதைக் கறுப்பின் வடிவமே சொல்லிவிடும்.

### வட்டச் சாளரம் திறந்து மூடும் கறுப்பு: வெற்றுப் படத்தில் செத்த பிக்ஸல்

வெற்றுப் படத்தின் பிழை 1800 புரொஜெக்‌ஷன்களுக்கும் போய்ச் சேர்கிறது. டிடெக்டரின் நடுவரிசையிலிருந்து 50 மி.மீ. மேலே உள்ள வரிசை கெட்டதாக வைத்துக்கொள்வோம். நமது அமைப்பில் அது அச்சின் மேல் 10 மி.மீ. உயரத்துக்குப் பொருந்தும், ஆனால் பொருளின் விளிம்பு, சுழலும்போது மூலத்துக்கு 180 மி.மீ. வரை நெருங்கி 220 மி.மீ. வரை விலகுவதால், அதே வரிசை விளிம்பில் 9 மி.மீ. முதல் 11 மி.மீ. வரை தொடும். எனவே 10 மி.மீ. உயரத்துக் குறுக்குவெட்டு முழுக் கறுப்பாகவும், 9.5 மி.மீ. உயரத்தில் 10 மி.மீ. ஆரமுள்ள நடுவட்டம் நலமாக இருந்து அதற்கு வெளியே கறுப்பாகவும், 9 மி.மீ.-க்குக் கீழே எல்லாமே நலமாகவும் தெரியும். ஒரே ஒரு செத்த பிக்ஸல் 50 குறுக்குவெட்டுகளைக் கெடுக்கிறது.

### நகரும் நேர்ப்பட்டை: ஒரே ஒரு புரொஜெக்‌ஷனில் பிழை

குறுக்குவெட்டின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை நேராக ஓடி, அடுத்தடுத்த குறுக்குவெட்டுகளில் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நகர்ந்தால், ஒரே ஒரு புரொஜெக்‌ஷன் கெட்டிருக்கிறது. பட்டைக்குச் செங்குத்தான திசைதான் அந்தப் புரொஜெக்‌ஷன் எடுக்கப்பட்ட கோணம்; கோப்பு எண்ணை அதிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். நடுவரிசைக்கு மிக அருகில் உள்ள பிழைக்கு மட்டும் இந்த வேறுபாடு தெரியாது. இரண்டு வகையிலும் ஓரிரு குறுக்குவெட்டுகள் முழுமையாகக் கறுத்துவிடும்.

### பொருளின் அடர்ந்த பகுதியை அல்லது காலி இடத்தை ஒட்டி மட்டும்

அடர்ந்த உலோகம் கதிரை முழுமையாகத் தடுத்து, இருட்படத்தைக் கழித்தபின் மதிப்பு பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கலாம். மடக்கைக்கு முன் ஒரு சிறு கீழ்வரம்பை வைத்தால் என்ஏஎன் மறையும். ஆனால் உலோகத்தைச் சுற்றிய கோடுகள் மறையா, அது வேறு கதை. காலி இடத்தில் கோளாறு என்றால், 16 பிட் குறியற்ற எண்ணைக் குறியுள்ள எண்ணாகப் படித்திருக்கிறீர்களா என்று பார்க்கவும்: 40,000 என்ற ஒளிர்வு −25,536 ஆகப் படிக்கப்பட்டால் மடக்கை எடுக்க வழியில்லை.

எல்லா வகைக்கும் முதல் தீர்வு, செத்த பிக்ஸல் பட்டியலைப் புதுப்பித்து, அவற்றைப் பக்கத்துப் பிக்ஸல்களின் இடைமதிப்பால் நிரப்புவது. வடிகட்டலுக்கு முன் என்ஏஎன் உண்டா என்று எண்ணிப் பார்த்து நிறுத்தும் ஒரு சோதனையை நிரலில் சேர்த்துவிடவும். அதற்கு ஆகும் நேரம் பொருட்படுத்தத் தக்கதன்று. செத்த பிக்ஸல்கள் மாதந்தோறும் பெருகிக்கொண்டே போனால் டிடெக்டரைத் தயாரிப்பாளரின் பொறியாளர் பார்க்க வேண்டும். டிடெக்டரையோ எக்ஸ்-கதிர்க் கூண்டையோ நாமே திறப்பதும், பாதுகாப்பு இன்டர்லாக்கைத் தாண்டி இயக்குவதும் எக்காரணத்துக்கும் கூடாது.

## அறிகுறி 5: பக்கவாட்டுத் தோற்றத்தில் சம இடைவெளியில் கிடைக்கோட்டுப் பட்டைகள்

வால்யூமை அடுக்குகளாகப் பிரிக்கத் தொடங்கிய பின் இது வந்ததா என்பதே முதல் கேள்வி. அடுக்கின் தடிமனை மாற்றி மீண்டும் ஓட்டவும். பட்டைகளும் இடம் மாறினால் காரணம் பிரிப்பில்தான். மாறாவிட்டால் கருவியின் மேசை அசைந்ததையோ ஸ்கேனை ஒட்டிச் சேர்த்ததையோ பார்க்கவும்.

ஒவ்வோர் அடுக்குக்கும் டிடெக்டரின் எல்லா வரிசைகளும் தேவையில்லை என்பதால், தேவையான வரிசைகளை மட்டும் அட்டைக்கு அனுப்புவது வழக்கம். அந்த எல்லையை அச்சின் மேலுள்ள உருப்பெருக்கத்தை மட்டும் கொண்டு கணக்கிடுவதுதான் இங்கே நிகழும் தவறு. 10 மி.மீ. உயரத்தில் முடியும் அடுக்குக்கு அந்தக் கணக்கு 50 மி.மீ. வரை படிக்கச் சொல்லும். ஆனால் மூலத்துக்கு அருகே வரும் விளிம்பு 55.6 மி.மீ. வரை விழுகிறது. 28 வரிசைகள் விடுபடுகின்றன. அதே உயரத்தில் தொடங்கும் அடுத்த அடுக்குக்குக் கீழ்ப்பக்கம் 45.5 மி.மீ. வரை தேவைப்படுவதால் அங்கேயும் 23 வரிசைகள் விடுபடுகின்றன.

இக்காரணத்தால் வரும் பட்டைக்கு இரு அடையாளங்கள் உண்டு. அது பொருளின் விளிம்பில் அழுத்தமாகவும் அச்சை நெருங்க நெருங்க மங்கலாகவும் இருக்கும். நடுத்தளத்தை ஒட்டிய எல்லையில் இராது, மேலும் கீழும் போகப் போக வலுக்கும். இரண்டும் பொருந்தினால், மேல் எல்லைக்கு மூலத்தின் மிக அருகு உருப்பெருக்கத்தையும் கீழ் எல்லைக்கு மிகத் தொலைவு உருப்பெருக்கத்தையும் எடுத்து, இடைக்கணிப்புக்கென ஓரிரு வரிசைகளைக் கூட்டிக்கொள்ளவும். நடுத்தளத்துக்குக் கீழுள்ள அடுக்குகளில் இவ்விரண்டும் இடம் மாறும் என்பதை மறந்துவிடக் கூடாது. மூடிய மென்பொருளில் இக்கோளாறு தெரிந்தால், அடுக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்த்துவிட்டுத் தயாரிப்பாளருக்கு எழுதுவதே வழி.

## அறிகுறி 6: உருவம் வந்திருக்கிறது, ஆனால் சரியில்லை

விளிம்புகள் இரட்டையாகவோ பிறை வடிவிலோ தெரிந்தால், சுழல் அச்சின் இடப்பெயர்ச்சி தவறு. ஒரே ஒரு குறுக்குவெட்டை −5 முதல் +5 பிக்ஸல் வரை வெவ்வேறு மதிப்புகளில் மீளுருவாக்கிக் கூர்மையானதைத் தேர்ந்தெடுக்கவும். இந்த மதிப்பு ஸ்கேனுக்கு ஸ்கேன் சிறிது மாறுவது இயல்பு. எல்லா ஸ்கேன்களிலும் சரியாக அரை பிக்ஸல் பிழை நிற்கிறதென்றால் அது மேசையின் குற்றமன்று. குடா டெக்ஸ்சரில் பிக்ஸலின் மையம் 0.5-இல் இருக்கிறது என்பதை நிரல் மறந்துவிட்டது. சிபியு நிரலை ஜிபியுவுக்கு மாற்றியவர்கள் தவறாமல் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

உருவமே குலைந்து சுழல் சுழலாக இருந்தால் சுழற்சித் திசையின் குறியை மாற்றவும். தெளிவான கண்ணாடிப் பிம்பமாக இருந்தால் டிடெக்டரின் இடவலத்தையும் சுழற்சித் திசையையும் சேர்த்தே மாற்றவும்.

ஒருமைய வளையங்கள் டிடெக்டர் பிக்ஸல்களின் உணர்திறன் சீராக இல்லாததால் வருபவை. புதிய வெற்றுப் படம் எடுக்கவும். அட்டைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

வடிவம் சரி, மதிப்புகள் சில ஆயிரம் மடங்கு பெரிது என்றால், குஎஃப்எஃப்டி தலைகீழ் மாற்றத்தின்போது நீளத்தால் வகுப்பதில்லை என்பதை நிரல் மறந்திருக்கிறது; 4096 நீளத்துக்கு மாற்றினால் 4096 மடங்கு. பொருளின் நடுப்பகுதி கிண்ணம்போல் தாழ்ந்திருந்தால், கற்றைக் கடினமாதலை (மென்கதிர்கள் முதலில் உறிஞ்சப்படுவதால் வரும் பிழை) சந்தேகிக்கும் முன், 2000 அகல வரிசையைப் பூச்சியங்களால் 4096 வரை நீட்டிய பின்தான் வடிகட்டுகிறீர்களா என்று உறுதிசெய்யவும்.

சிபியு விடையோடு ஒப்பிடும்போது மிகச் சிறிய வேறுபாடு எங்கும் பரவியிருந்தால் அது பழுதன்று. டெக்ஸ்சர் வன்பொருள் இடைக்கணிப்புக் கெழுவின் பின்னப் பகுதியை 8 பிட்டில் மட்டுமே வைத்திருக்கிறது. இரு பிக்ஸல்களுக்கு நடுவே 256 படிகளே உண்டு. குறைபாடு கண்டறியும் பணிக்கு இது போதும். அளவியல் பணிக்கு வேண்டாமென்று கருதினால் இடைக்கணிப்பை நிரலிலேயே எழுதிவிடலாம், வேகம் குறையும்.

## அறிகுறி 7: ஒவ்வொரு முறையும் விடை மாறுகிறது

இரு வெளியீடுகளையும் கழித்து, வேறுபாட்டுப் படத்தைப் பார்க்கவும்.

கடைசி இலக்கங்களில் மட்டும், வால்யூம் முழுதும் மணல்போல் வேறுபாடு இருந்தால், நிரல் அட்டாமிக் கூட்டலை (பல இழைகள் ஒரே இடத்தில் மாறி மாறிக் கூட்டுவது) பயன்படுத்துகிறது; கூட்டும் வரிசை மாறுவதால் மிதவை எண்ணின் கடைசி இலக்கமும் மாறுகிறது. இதை ஏற்றுக்கொள்ளலாம்.

வேறுபாடு திட்டுத் திட்டாகவோ ஒரு தொகுதிக் கோணங்களைச் சார்ந்த கோடுகளாகவோ இருந்தால், நகலெடுப்பும் கணக்கீடும் ஒன்றோடொன்று மோதுகின்றன. முந்தைய தொகுதியின் பேக்புரொஜெக்‌ஷன் முடியும் முன்பே அடுத்த தொகுதி அதே இடைநினைவகத்தில் எழுதப்படுகிறது. ஒவ்வொரு கெர்னல் அழைப்பும் முடியும்வரை காத்திருக்கச் செய்யும் குடா லாஞ்ச் பிளாக்கிங் சூழல் மாறியை 1 ஆக்கி ஓட்டவும். கோளாறு மறைந்தால் ஸ்ட்ரீம்களுக்கு (ஜிபியுவின் தனித்தனி வேலை வரிசைகள்) இடையே காத்திருக்கும் கட்டளை ஒன்று எங்கோ விடுபட்டிருக்கிறது. வேகமான புதிய அட்டைக்கு மாறியவுடன் இது தலைகாட்டினால் புதிய அட்டையைத் திருப்பியனுப்ப வேண்டாம். பழைய அட்டையில் நேரம் தற்செயலாக ஒத்துவந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தனித்தனி வாக்ஸல்களில் மாபெரும் மதிப்புகள் தோன்றினால்தான் நினைவகப் பழுதை ஐயுற வேண்டும். ஓவர்கிளாக் செய்திருந்தால் முதலில் அதை நீக்கவும். நினைவகப் பிழையைத் தானே கண்டு திருத்தும் இசிசி வசதி உள்ள அட்டையில் அதை இயக்கி, பிழை எண்ணிக்கையை என்விடியா-எஸ்எம்ஐ மூலம் பார்க்கவும். இசிசி இல்லாத அட்டையில் நினைவகச் சோதனை நிரலை ஓரிரவு ஓடவிடவும். இயல்பான வேகத்திலும் பிழை வந்தால் அட்டையை மாற்ற வேண்டும். பழுதுபார்க்கும் கடைகளில் நினைவகச் சில்லை மாற்றித் தருவார்கள் என்றாலும், அளவீட்டுக்கு அத்தகைய அட்டையை நான் நம்பமாட்டேன்.

## அறிகுறி 8: எல்லாம் சரி, ஆனால் மிக மெதுவாக ஓடுகிறது

படித்தல், வடிகட்டல், அட்டைக்கு அனுப்புதல், பேக்புரொஜெக்‌ஷன், எழுதுதல் ஆகியவற்றுக்கு ஆகும் நேரத்தைத் தனித்தனியே அளக்காமல் எதையும் வாங்கக் கூடாது.

### ஜிபியு பயன்பாடு பெரும்பாலும் பூச்சியத்தில் கிடக்கிறது

வட்டோ வலையமைப்போதான் தடை. 16 பிட்டில் நம் தரவு 14.4 ஜிபி. ஒரு கிகாபிட் வலையமைப்பில் அதைக் கொண்டுவரவே குறைந்தது 115 நொடி. நொடிக்கு 150 எம்பி தரும் சுழல்வட்டில் 96 நொடி. நொடிக்கு 3 ஜிபி தரும் என்விஎம்இ வட்டில் 5 நொடி. ஆயிரக்கணக்கான தனித்தனி டிஃப் கோப்புகளைப் பகிர்வு அடைவிலிருந்து படித்தால் இதைவிட மோசமாகும். தரவை முதலில் உள்ளூர் என்விஎம்இ வட்டுக்கு நகலெடுக்கவும். சிறு செலவில் பெரும் பயன் தரும் இடம் இதுவே.

### அனுப்புதல் மெதுவாக இருக்கிறது

அட்டைக்குப் பிசிஐ இணைப்பின் 16 தடங்களும் கிடைத்திருக்கின்றனவா என்று பார்க்கவும். இரண்டாவது ஸ்லாட் பார்வைக்கு நீளமாக இருந்தாலும் உள்ளே 4 தடங்கள் மட்டுமே இணைந்திருப்பது பல மதர்போர்டுகளில் வழக்கம். சும்மா இருக்கும்போது இணைப்பின் தலைமுறை எண் குறைந்து காட்டுவது மின்சிக்கனத்துக்காக. சுமையின்போது படித்ததையே நம்பவும். மூன்றாம் தலைமுறை 16 தடங்களில் நடைமுறையில் நொடிக்குச் சுமார் 12 ஜிபி போகும், அதாவது 28.8 ஜிபி-க்கு 2.4 நொடி. வால்யூமை 8 அடுக்குகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எல்லாப் புரொஜெக்‌ஷனையும் மீண்டும் அனுப்பினால் அது 19 நொடியாகும். இடம்பெயராமல் பூட்டி வைத்த (பின்டு) நினைவகத்தைப் பயன்படுத்தாவிட்டால் இன்னும் கூடும்.

### பேக்புரொஜெக்‌ஷனே மெதுவாக இருக்கிறது

வேலையின் அளவு எளிய பெருக்கல்: 1024-இன் கனத்தை 1800 ஆல் பெருக்கினால் சுமார் 1.93 லட்சம் கோடி வாக்ஸல் புதுப்பிப்புகள். நொடிக்கு 10,000 கோடி புதுப்பிப்புகள் செய்யும் அட்டைக்கு ஏறத்தாழ 19 நொடி. எர்லாங்கனில் 2009-இல் வெளியான ராபிட்சிடி ஒப்பீட்டுத் தளமும் வேகத்தை இந்தப் புதுப்பிப்புக் கணக்கிலேயே அளந்தது. நம் அட்டையையும் அவ்வாறே எண்ணி வைத்துக்கொள்வது வசதி.

எண் திடீரெனப் பல மடங்கு விழுந்தால், கெர்னலுக்குள் ஏதேனும் ஒரு மாறிலி இரட்டைத் துல்லியத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடவும். ஜிஃபோர்ஸ் அட்டைகளில் இரட்டைத் துல்லியத்தின் வேகம் ஒற்றையின் 1/32 அல்லது 1/64 மட்டுமே. பின்னொட்டு எஃப் இல்லாத ஒரு 1.0 முழு ஓட்டத்தையும் இழுத்துப் பிடித்துவிடும். முதல் சில நிமிடங்கள் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் ஓடினால், வேகக் குறைப்புக்கான காரணங்களை என்விடியா-எஸ்எம்ஐயில் பார்க்கவும்: வெப்பம் என்றால் தூசியும் காற்றோட்டமும், மின்வரம்பு என்றால் அமைப்பும். வெப்பப் பசையை மாற்றுவது உத்தரவாதம் முடிந்த அட்டைகளுக்கு மட்டும் உரியது, அதையும் பழகிய கையே செய்ய வேண்டும்.

## வெளியாரை அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை

அட்டையின் பெயர், டிரைவர் பதிப்பு, குடா பதிப்பு, பிழை நேர்ந்த கணத்துக் கெர்னல் பதிவு, என்விடியாவின் பிழை அறிக்கைக் கோப்பு, ஷெப்-லோகன் மாதிரி ஓட்டத்தின் பழைய விடையும் இன்றைய விடையும், வேறு ஸ்லாட்டிலும் வேறு கணினியிலும் கிடைத்த முடிவு. இவை இல்லாமல் அழைத்தால் டிரைவரை மீண்டும் நிறுவிப் பாருங்கள் என்ற பதிலோடு ஒரு வாரம் போய்விடும். நோயாளிகளின் தரவையோ வாடிக்கையாளரின் பாகங்களையோ மாதிரியாக அனுப்பக் கூடாது; மாதிரி உருவிலேயே கோளாறைக் காட்ட முடிகிறதா என்று முதலில் முயலவும்.